அம்மாவோடு கோயாசான்: ஒரு இரவாவது தங்குங்கள்

கேள்வி இது: வேலை விஷயமாக நவம்பரில் ஒசாகா போகிறேன். அம்மாவும் உடன் வருகிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, சுத்த சைவம், முழங்கால் வலியும் உண்டு. இரண்டு நாள் கையில் இருக்கிறது. கோயாசான் என்ற மலைக்கோயில் ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா? அம்மாவுக்குச் சாப்பாடு கிடைக்குமா? நமக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

போய் வர முடியும். ஒசாகாவின் நம்பா நிலையத்தில் காலை எட்டு மணிக்கு ரயில் ஏறினால் பத்தரைக்குள் மலைமேல் இருக்கலாம், இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பியும் விடலாம். ஆனால் கையில் இரண்டு நாள் இருக்கிறது என்கிறீர்களே, அப்படியானால் ஒரு இரவை மலைமேல் கழியுங்கள். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் அந்த ஒரு இரவில்தான் இருக்கிறது.

நான் ஒசாகாவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கோயாசானுக்கு முதல் தடவை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் போய் மாலையில் வருகிற கணக்கில். பெரிய கோயில்களைப் பார்த்து முடித்துவிட்டு ஓகுனோயின் என்ற இடத்துக்குப் போகும்போது மணி நான்கு தாண்டிவிட்டது. உள்ளே நடந்து போய்ச் சேர்வதற்குள் விளக்கு மண்டபத்தின் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். மரங்கள் அழகாக இருக்கின்றன, கல்லறைகள் நிறைய இருக்கின்றன என்ற நினைப்போடு திரும்பினேன். அடுத்த பிப்ரவரியில் போய் ஒரு இரவு தங்கினேன். முதல் தடவை எங்கே போயிருந்தேன் என்பதே அப்போதுதான் புரிந்தது. அதன்பிறகு ஏழெட்டு முறை போயிருக்கிறேன். ஒருமுறைகூடத் தங்காமல் வந்ததில்லை.

முதலில் அது என்ன ஊர் என்று சொல்லிவிடுகிறேன். கூக்காய் என்ற துறவி 774இல் ஷிகோகு தீவில் பிறந்தவர். 804இல் கப்பலேறிச் சீனா போனார். தலைநகர் சாங்கானில் ஹுய்குவோ என்ற குருவிடம் மந்திர வழிப் பௌத்தத்தைக் கற்றார், பிரஜ்ஞர் என்ற இந்தியத் துறவியிடம் சமஸ்கிருதமும் படித்தார். 806இல் ஊர் திரும்பி அவர் வேரூன்றச் செய்த மரபுக்கு ஷிங்கோன் என்று பெயர். அந்தச் சொல்லுக்கே மந்திரம் என்றுதான் பொருள். 816இல் சாகா பேரரசரிடம் அனுமதி வாங்கி, இப்போதைய வாகாயாமா மாவட்டத்து மலையில், சுமார் எண்ணூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு சமவெளியில் மடம் அமைத்தார். சுற்றிலும் எட்டுச் சிகரங்கள். தாமரை இதழ்களுக்கு நடுவே பொகுட்டு இருப்பதுபோல ஊர் அமைந்திருக்கிறது என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். இன்று 117 கோயில்கள் இருக்கின்றன. சில ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். பள்ளிக்கூடம், தபால் நிலையம், பல்கலைக்கழகம் எல்லாம் உண்டு. 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இதெல்லாம் எந்தப் பயணக் கையேட்டிலும் இருக்கும். நீங்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது வேறு. 835ஆம் ஆண்டு மூன்றாம் மாதம் 21ஆம் நாள் கூக்காய் இறந்துபோனார் என்று அந்த மலையில் யாரும் சொல்வதில்லை. தியானத்தில் அமர்ந்தார், இன்னும் அமர்ந்திருக்கிறார் என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் நியூஜோ, அதாவது சமாதியில் புகுதல். ஜீவசமாதி என்றால் நம்மூரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை, அதேதான். பின்னால் கோபோ தாய்ஷி என்ற பட்டத்தைப் பேரரசர் அளித்தார். ஊரில் எல்லோரும் ‘ஓதாய்ஷி சாமா’ என்றுதான் சொல்வார்கள், பக்கத்து வீட்டில் இருக்கும் பெரியவரைச் சொல்வதுபோல. அவருக்கு தினமும் இரண்டு வேளை சாப்பாடு போகிறது: காலை ஆறு மணிக்கும் பத்தரை மணிக்கும். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஓகுனோயின் கல்லறைத் தோட்டமாகத் தெரியாது, ஒருவர் இருக்கும் வீட்டுக்குப் போகும் வழியாகத் தெரியும்.

சரி, போகும் வழி. நம்பாவிலிருந்து நான்காய் என்ற தனியார் ரயில். ஜப்பான் ரயில்வேயின் ஜேஆர் பாஸ் இதில் செல்லாது. ‘கோயா’ என்ற விரைவு ரயிலில் இருக்கை பதிவு செய்துகொண்டால் எண்பது நிமிடத்தில் கோகுராகுபாஷி போய்ச் சேரும். சாதாரண ரயிலில் ஹாஷிமோட்டோவில் மாற வேண்டி வரலாம், அம்மாவோடு போகும்போது அந்த அலைச்சல் வேண்டாம். ஹாஷிமோட்டோவுக்கு அப்புறம் ரயில் வேகம் குறைந்து மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும், ஜன்னலோர இடம் பிடியுங்கள். கோகுராகுபாஷியில் இறங்கினால் எதிரிலேயே கேபிள் கார். ஐந்து நிமிடத்தில் 328 மீட்டர் உயரம் ஏறிவிடும். மேலே இறங்கியதும் பேருந்து. அங்கிருந்து ஊருக்குப் போகும் சாலை பேருந்துக்கு மட்டும்தான், நடக்க அனுமதி கிடையாது. பெட்டிகளை நம்பா நிலையத்து லாக்கரில் வைத்துவிட்டு ஒரு இரவுக்கான சின்னப் பையோடு போங்கள். ஒசாகாவைவிடக் குளிர் அதிகம். நவம்பரில் இரவில் ஐந்து டிகிரிக்குக் கீழே இறங்கும்.

பேருந்து நிற்கும் முதல் இடம் நியோனிந்தோ, பெண்கள் மண்டபம். பெரும்பாலோர் இறங்காமல் ஊருக்குள் போய்விடுவார்கள். அம்மாவோடு போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன், அங்கே இறங்குங்கள். கோயாசான் தொடங்கிய காலத்திலிருந்து ஆயிரம் வருடத்துக்கும் மேலாகப் பெண்களை உள்ளே விட்டதில்லை. 1872இல்தான் அரசு அந்தத் தடையை நீக்கியது. அதுவரை மலைக்கு வந்த பெண்கள் ஏழு நுழைவாயில்களிலும் இருந்த மண்டபங்களில் தங்கி, அங்கிருந்தே கும்பிட்டார்கள். சிகரங்களின் மேலாக ஊரைச் சுற்றிவர ஒரு பாதையும் உண்டு. மரங்களுக்கு இடையில் கோபுர உச்சி எங்காவது தெரியாதா என்று பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார்கள். அந்த ஏழு மண்டபங்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். சின்ன மரக்கட்டடம், உள்ளே இருட்டு, மெழுகுவத்தி வாசனை.

கூக்காயின் அம்மாவுக்கும் இதே கதிதான். மகனைப் பார்க்க ஷிகோகுவிலிருந்து வந்தவர் மலையடிவாரத்தில் ஜிசோன்யின் என்ற கோயிலில் தங்கினார். மகன் மாதம் ஒன்பது முறை மலையிறங்கி வந்து அம்மாவைப் பார்த்தார் என்று ஐதீகம். அதனால்தான் அந்த ஊருக்குக் குதோயாமா, ஒன்பது முறை மலை என்று பெயர். அங்கிருந்து மேலே வரும் பழைய நடைபாதையில் 180 கல்தூண்கள் இருக்கின்றன, ஏறத்தாழ நூற்றுப்பத்து மீட்டருக்கு ஒன்று. இருபது கிலோமீட்டர் ஏற்றம், உங்கள் அம்மாவுக்கு ஆகாது. ஆனால் கேபிள் காரில் ஐந்து நிமிடத்தில் ஏறி வந்த அம்மாவிடம் இந்தக் கதையை நியோனிந்தோ வாசலில் நின்று சொல்லிப் பாருங்கள். நான் என் அம்மாவை அழைத்துப் போனபோது சொன்னேன். அவர் பதில் ஒன்றும் பேசவில்லை. திரும்பவும் உள்ளே போய் இன்னொரு மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு வந்தார்.

அப்புறம் ஊருக்குள் தான்ஜோ காரான். கூக்காய் முதலில் கோயில் எழுப்பிய வளாகம் இது. பலமுறை தீப்பிடித்து, பலமுறை கட்டப்பட்டது. நடுவில் நிற்கும் சிவப்பு நிறக் கோபுரம் கொன்பொன் தாய்தோ, 48.5 மீட்டர் உயரம், இப்போது இருப்பது 1937இல் எழுப்பியது. உள்ளே போனால் நடுவில் தாய்நிச்சி, நாம் மகாவைரோசனர் என்று சொல்லும் புத்தர். சுற்றி நான்கு புத்தர்கள், பதினாறு தூண்களில் பதினாறு போதிசத்துவர்கள். தட்டையான துணியில் தெய்வங்களை வரைந்த மண்டலப் படம் எழுந்து நின்றால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு கூடம். எல்லோரும் நடுவில் இருக்கும் பொன்னிறச் சிலைகளையே பார்த்துவிட்டுப் போவார்கள். நீங்கள் நான்கு மூலைச் சுவர்களுக்குப் போங்கள். இந்த மரபைக் கைமாற்றித் தந்த எட்டு குருமார்களின் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. அவர்களில் கையில் ஜபமாலை மட்டும் வைத்திருப்பவரைத் தேடுங்கள். ஜப்பானியர் கொங்கோச்சி என்பார்கள். அவர் வஜ்ரபோதி.

நமக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள் அல்லவா, நான் முதலில் காட்டுவது இவரைத்தான். பழைய சீன வாழ்க்கைக் குறிப்பு ஒன்று இவரைத் தென்னிந்தியாவின் மலய நாட்டுக்காரர் என்கிறது. காஞ்சியில் மழை பொய்த்தபோது பல்லவ அரசன் கேட்டுக்கொண்டபடி மழை வேண்டிச் சடங்கு செய்தார் என்றும் சொல்கிறது. பிறகு இலங்கை, சுமத்ரா வழியாகக் கடல் கடந்து 720 வாக்கில் சீனா சேர்ந்தார், 741இல் அங்கேயே மறைந்தார். அவருடைய சீடர் அமோகவஜ்ரர், அமோகவஜ்ரரின் சீடர் ஹுய்குவோ, ஹுய்குவோவின் சீடர் கூக்காய். காஞ்சியில் மழைக்கு வேண்டியவருக்கும் இந்த மலையில் அமர்ந்திருப்பவருக்கும் நடுவில் இரண்டே பேர். காஞ்சிபுரத்தில் அவர் பெயரைச் சொல்லி ஒரு தெருவைக்கூட நான் பார்த்ததில்லை. இங்கே சுவரில் இருக்கிறார், ஒவ்வொரு நாளும் அவருக்கு முன்னால் மந்திரம் ஒலிக்கிறது.

கோபுரத்துக்குப் பக்கத்தில் வேலி போட்ட ஒரு பைன் மரம் நிற்கும். சீனக் கரையிலிருந்து கூக்காய் எறிந்த மூன்று முனை வஜ்ராயுதம் வந்து தங்கியது இந்த மரத்தில்தான் என்று கதை. வேலியைச் சுற்றிக் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பைன் ஊசிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும், இந்த மரத்தில் மூன்று சேர்ந்தவையும் உதிரும். கிடைத்தால் பணப்பையில் வைத்துக்கொள்வார்கள். எனக்கு நான்காவது முறைதான் கிடைத்தது, இன்னும் வைத்திருக்கிறேன்.

பக்கத்திலேயே கொங்கோபுஜி, தலைமைக் கோயில். கதவோவியங்களும் பெரிய பாறைத் தோட்டமும் உண்டு. அம்மா காலை நீட்டி உட்காரக் கூடமும் இருக்கிறது. நேரம் இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் வருத்தப்பட வேண்டாம்.

இப்போது தங்கும் இடம். ஷுகுபோ என்பது கோயிலோடு சேர்ந்த விடுதி. சுமார் ஐம்பது கோயில்கள் விருந்தினரை ஏற்கின்றன. இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்து ஆளுக்குப் பத்தாயிரம் யென்னுக்குக் கீழே கிடைப்பது அரிது, இருபதாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. நவம்பரின் முதல் பாதி இலை சிவக்கும் பருவம் என்பதால் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யும்போது மூன்று விஷயம் எழுதுங்கள். முழங்கால் வலி உள்ளவர் வருகிறார், சாப்பாட்டுக்கும் வழிபாட்டுக்கும் நாற்காலி வேண்டும். கழிப்பறை அறையிலேயே இருந்தால் நல்லது. மீன் சாறுகூடச் சேரக் கூடாது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அங்கே போய்ச் சங்கடப்பட வேண்டியிருக்காது. சில கோயில்களில் கட்டில் போட்ட அறைகளும் உண்டு. பெரும்பாலும் பாய் விரித்த தரையில் மெத்தை போட்டுத்தான் படுக்கை, எழுந்திருக்கக் கை கொடுக்க நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். குளியல் பொதுக் குளியல்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி, ஆனால் உடையில்லாமல்தான் இறங்க வேண்டும். அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரத்துக்குச் சற்றுப் பிறகு போனால் அநேகமாகக் காலியாக இருக்கும். ஐந்து மணிக்குள் விடுதிக்கு வந்துவிட வேண்டும், ஆறு மணிக்கெல்லாம் இரவுச் சாப்பாடு.

சாப்பாட்டைப் பற்றி நிம்மதியாக இருங்கள். ஜப்பானில் சைவர்களுக்குச் சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. காய்கறி மட்டுமே இருக்கும் சூப்பிலும், நூடுல்ஸிலும், கீரைக் கூட்டு மாதிரி இருப்பதிலும் கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீன் சீவலின் சாறு இருக்கும். கோயில் சமையலான ஷோஜின் ரியோரியில் கடற்பாசியும் காய்ந்த காளானும் ஊறவைத்த சாறுதான். மீன், இறைச்சி கிடையாது. வெங்காயம், பூண்டு கிடையாது. அங்கே நம் வீட்டைவிடக் கட்டுப்பாடு அதிகமாகவே இருக்கும். கால் வைத்த அரக்குத் தட்டங்களில் சின்னச் சின்னக் கிண்ணங்களாக வரும். கோமாதோஃபு என்பதைத் தவறவிடாதீர்கள். பெயரில்தான் தோஃபு, சோயா கிடையாது. எள்ளை அரைத்துப் பிழிந்த பாலும் குட்ஸு என்ற கிழங்கு மாவும் சேர்த்துக் கைவிடாமல் கிளறி எடுப்பது. நுங்குபோல வழுக்கும், ஆனால் நாக்கில் கொஞ்சம் ஒட்டி நிற்கும், எள் வாசம் அப்புறம்தான் வரும். இன்னொன்று கோயாதோஃபு. தோஃபுவை உறையவைத்துக் காயப்போட்டது, இந்த மலைக் குளிரில் பிறந்த பண்டம். பஞ்சுபோலச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு வரும். அம்மா கையோடு கொண்டுவரும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் ஒசாகாவில் உதவும், மலைமேல் அந்தப் பையைத் திறக்கத் தேவை இருக்காது.

காலை ஆறு அல்லது ஆறரைக்கு வழிபாடு. கட்டாயம் இல்லை, ஆனால் தூங்கிவிடாதீர்கள். வாசலில் ஒரு சிட்டிகை பொடி தருவார்கள், சந்தனமும் கிராம்பும் கலந்த வாசம். உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே வெளிச்சம் மிகக் குறைவு, உத்தரத்திலிருந்து தொங்கும் பித்தளை விளக்குகள் மட்டும். துறவிகள் ஓதத் தொடங்கும்போது ஒரே சுருதியில் போகும், சொற்கள் புரியாது. கடைசியில் வரும் ஒரு வரிக்குக் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். ‘க்யாதே க்யாதே ஹாராக்யாதே ஹாராசோக்யாதே போஜி சோவாகா.’ முதல் முறை கேட்டபோது எனக்குப் புரியவில்லை. மறுபடி ஓதியபோது அந்த ‘சோவாகா’ சட்டென்று திறந்துகொண்டது: ஸ்வாஹா. கதே கதே பாரகதே பாரசங்கதே போதி ஸ்வாஹா. சீன எழுத்தில் ஏறி, ஜப்பானிய நாக்கில் தேய்ந்து, ஆயிரத்து இருநூறு வருடம் கழித்தும் அதே மந்திரம். சில கோயில்களில் இதற்குப் பிறகு கோமா என்ற நெருப்புச் சடங்கு உண்டு. எகோயின் என்ற கோயிலில் தினமும் காலையில் நடக்கும். கோமா என்பது ஹோமம்தான். வேண்டுதல் எழுதிய குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எரிப்பார்கள், முரசு அதிரும், தீ ஆள் உயரம் எழும்பும். உங்கள் அம்மாவுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

கடைசியாக ஓகுனோயின். மூன்று பாலங்கள், இரண்டு கிலோமீட்டர் நடை, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள், நூற்றாண்டுகள் கண்ட தேவதாரு மரங்கள். பேருந்தில் நேராக ‘ஓகுனோயின் மாயே’ நிறுத்தத்துக்குப் போனால் பாதி தூரம்தான், பாதை சமமாக இருக்கும். ஆனால் அந்தப் பகுதியில் பெரும்பாலும் இந்தக் காலத்து நிறுவனங்களின் நினைவுச் சின்னங்கள். தாங்கள் கொன்ற கறையான்களுக்காகப் பூச்சி ஒழிப்புத் தொழில்காரர்கள் வைத்த நினைவுக்கல்லும் அங்கே இருக்கிறது, ‘கறையான்களே, அமைதியாக உறங்குங்கள்’ என்று எழுதியிருக்கும். அதைத் திரும்பி வரும்போது பாருங்கள். போகும்போது முதல் பாலமான இச்சினோஹாஷியிலிருந்து நடங்கள். வழியில் கொஞ்சம் படிகள் உண்டு, கைத்தடி இருந்தால் சமாளிக்கலாம். முழங்கால் அன்று மிகவும் முரண்டினால் மட்டும் இரண்டு வழிக்கும் குறுக்குப் பாதை.

முதல் பாலத்துக்கு முன்னால் சாலையோரம் காருகாயாதோ என்று ஒரு சின்ன மண்டபம். மனைவியையும் பிறக்கப்போகும் பிள்ளையையும் விட்டுத் துறவியாகிப் போன ஒருவரின் கதை அங்கே படங்களாக இருக்கிறது. மகன் இஷிதோமாரு வளர்ந்ததும் அம்மாவோடு அப்பாவைத் தேடி வருகிறான். பெண் என்பதால் அம்மா அடிவாரத்துச் சத்திரத்தில் நின்றுவிட, மகன் மட்டும் ஏறி வந்து ஓகுனோயின் பாலத்தில் ஒரு துறவியைப் பார்த்து விசாரிக்கிறான். அவர்தான் அப்பா. ‘உன் அப்பா இறந்துவிட்டார்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். மகன் இறங்கிப் போனால் அம்மாவும் நோயில் இறந்திருக்கிறாள். போக்கிடம் இல்லாமல் திரும்பி வந்து அதே துறவிக்குச் சீடனாகிறான். இருவரும் சேர்ந்து பல வருடம் வாழ்ந்தும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. இந்தக் கதையில் அந்தத் தகப்பனை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த மண்டபத்துக்குள் போய் நிற்கிறேன்.

பாலம் தாண்டினால் கல்லறைகள் தொடங்கும். பெரும்பாலானவை ஐந்து கற்களை அடுக்கியவை. அடியில் சதுரம் நிலம், அதன்மேல் உருண்டை நீர், முக்கோணம் நெருப்பு, பிறை காற்று, உச்சியில் ரத்தின வடிவம் ஆகாயம். பஞ்சபூதம். இறந்தவர் ஐந்திலும் கலந்தார் என்பதைக் கல்லிலேயே சொல்லிவிடுகிறார்கள். பாசி படிந்த ஒரு கல்லறை அருகில் நின்று உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு எழுத்து செதுக்கியிருக்கும். அது சீன எழுத்து அல்ல, சித்தம் என்ற இந்திய எழுத்து, நம் எழுத்துகளைப் போலவே பிராமியின் வழி வந்தது. மேலிருந்து கீழாக க, ஹ, ர, வ, அ. நிலத்தைக் குறிக்கும் அடிக்கல்லில் ‘அ’. இந்த மரபில் தியானமே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. தாமரைமேல் நிலவு, நிலவுக்குள் ‘அ’, அதைப் பார்த்தபடி மூச்சுவிடுவது. அகரத்தில் எல்லாம் தொடங்குகிறது என்பது தமிழ் படித்த யாருக்கும் புதிதாக இருக்காது.

அந்தக் காட்டில் யார் யார் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் மனம் ஒரு மாதிரி ஆகிவிடும். கவானாகாஜிமா போர்க்களத்தில் ஐந்து முறை மோதிய படைத்தலைவர்கள் தாக்கேதா ஷிங்கெனும் உயேசுகி கென்ஷினும் இங்கே ஒரே பாதையின் இரு பக்கத்தில். 1581இல் இந்த மலையையே முற்றுகையிடப் படை அனுப்பி, கோயா துறவிகள் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்ற ஓதா நோபுனாகாவுக்கும் இங்கே கல்லறை உண்டு. மறு வருடம் அவரைச் சாகடித்த அகேச்சி மிட்சுஹிதேவுக்கும் உண்டு. பெயருள்ளவர்களைவிட என்னை நிறுத்துவது பெயர் அழிந்த சின்னக் கற்கள்தான். வாரிசு இல்லாதவர்களின் கற்களைக் குன்றுபோலக் குவித்து வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. ஜிசோ என்ற குட்டி போதிசத்துவச் சிலைகளுக்குச் சிவப்புத் துணியில் மார்புத்துண்டு கட்டியிருப்பார்கள், பல கையால் பின்னியவை. குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் கட்டுவது அதிகம். எல்லாக் கல்லறைகளிலும் பூவுக்குப் பதிலாகக் கோயாமாகி என்ற மரத்தின் பச்சைக் கொத்து செருகியிருக்கும். தடித்த ஊசி இலை, வாரக்கணக்கில் வாடாது. கடைகளில் கட்டாக விற்பார்கள், ஒன்று வாங்கிக்கொண்டு போய் யாருமில்லாத ஒரு கல்லுக்கு அம்மா கையால் வைக்கச் சொல்லுங்கள்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, முதல் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரமாவது நடந்து பாருங்கள். பாதை இரவெல்லாம் திறந்தே இருக்கும், கல்விளக்குகளில் மங்கலான வெளிச்சம் உண்டு. துறவிகள் கூட்டிப்போகும் இரவு நடையும் இருக்கிறது, தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அதில் சேரலாம். பயம் வராது. சத்தம் என்றால் நம் காலடிச் சத்தமும் தூரத்தில் ஓடும் தண்ணீரும்தான்.

மூன்றாவது பாலத்துக்கு முன்னால் வரிசையாக வெண்கலச் சிலைகள். அகப்பையில் நீர் மொண்டு அவற்றின்மேல் ஊற்றி, போனவர்களை நினைத்துக் கும்பிடுவது வழக்கம். நம் எள்ளும் தண்ணீரும் நினைவுக்கு வரும், அம்மா தன் பெற்றோரை நினைத்து ஊற்றட்டும். அந்தப் பாலத்தில் 36 பலகைகள், பாலத்தையும் சேர்த்து 37, வஜ்ர மண்டலத்தின் முப்பத்தேழு தெய்வங்களின் கணக்கு. பலகைகளின் அடிப்பக்கத்தில் சித்தம் எழுத்துகள் உண்டு. அங்கிருந்து அப்பால் படம் எடுக்கக் கூடாது, எதையும் சாப்பிடக் கூடாது, தொப்பியைக் கழற்ற வேண்டும். உள்ளே விளக்கு மண்டபத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகள். தொள்ளாயிரம், ஆயிரம் வருடமாக அணையாதவை என்று போற்றும் விளக்குகளும் அவற்றில் உண்டு. ஒன்று பேரரசர் ஷிராகாவா தந்தது. இன்னொன்று ஓதேரு என்ற ஏழைப் பெண் தன் பெற்றோருக்காகக் கூந்தலை அறுத்து விற்று ஏற்றியது என்பார்கள். மலைக்குள் கால் வைக்க அனுமதி இல்லாத காலத்துப் பெண், அவள் விளக்கு நடுக்கூடத்தில் எரிகிறது. மண்டபத்தின் பின்பக்கம் போனால் மரங்களுக்கு நடுவே சாத்திய கதவு. அதற்குள்தான் அவர் இருக்கிறார். வெள்ளை உடுப்புக்காரர்கள் சிலர் நின்று ஓதிக்கொண்டிருந்தால், ஷிகோகுவில் 88 கோயில்களைச் சுற்றி முடித்து நன்றி சொல்ல வந்த யாத்திரிகர்களாக இருப்பார்கள்.

காலைச் சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்குள் விடுதியைக் காலி செய்தால், மெதுவாக நடந்தாலும் பத்தேகாலுக்கு மூன்றாவது பாலம் வந்துவிடலாம். பாலத்துக்கு முன்னால் இளைப்பாறும் கூடத்தில் அம்மாவை உட்கார வையுங்கள். பத்தரைக்குச் சற்று முன்பு துறவிகள் வெள்ளை மரப்பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்து வருவார்கள். முதலில் பக்கத்திலுள்ள சின்ன ஜிசோ சன்னதியில் நிற்பார்கள், சாப்பாட்டை ருசி பார்ப்பவர் அவர். பிறகு பாலத்தைக் கடந்து உள்ளே போவார்கள். யுயினா என்ற பொறுப்பில் இருக்கும் ஒருவர் மட்டும் கூக்காய்க்குப் பணிவிடை செய்வார், உள்ளே கண்டதை வெளியே சொல்ல மாட்டார். பெட்டி போனதும் அம்மாவை எழுப்பிக் கைபிடித்துப் பின்னாலேயே பாலத்தைக் கடந்து போங்கள். ஒசாகா திரும்பும் ரயிலை மதியம் ஒரு மணிக்கு மேல் பதிவு செய்துகொள்ளுங்கள், அப்போதுதான் அங்கே அவசரப்படாமல் நிற்க முடியும்.